வீடு, மனை விலை பற்றி நிபுணரிடம் எப்படிக் கேட்பது? வேலூர்ப் பக்க நிருபர்கள் அடிக்கடி கேட்பவை

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்றும் ஒரே மாவட்டமாக இருந்த காலத்திலிருந்து நான் செய்தி எழுதுகிறேன். இப்போது பத்திரிகையிலும் டிவியிலும் யூடியூப் சேனல்களிலும் வேலை பார்க்கும் தம்பி தங்கைகள் ரியல் எஸ்டேட் செய்தி என்றால் எனக்குப் போன் செய்கிறார்கள். கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான், அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். மழைச் செய்தியில் தப்பு வந்தால் மறுநாள் திருத்தம் போட்டுக்கொள்ளலாம். மனைச் செய்தியில் தப்பு வந்தால், அதைப் படித்துவிட்டு நகையை அடகு வைத்து அட்வான்ஸ் கொடுத்தவருக்கு எந்தத் திருத்தமும் உதவாது.

இந்த விஷயத்தில் நிபுணர் என்று யாரைச் சொல்வது?

எல்லாம் தெரிந்த ஒரே ஆள் கிடையாது. ஒவ்வொருவருக்கும் ஒரு ஜன்னல் இருக்கிறது, அது வழியாகத் தெரிவதுதான் அவருக்குத் தெரியும். பத்திர ஆபீஸ் எதிரில் உட்கார்ந்திருக்கும் பத்திர எழுத்தருக்கு இந்த மாதம் கிரயம் அதிகமா குறைவா என்று யாரையும் விட முன்னால் தெரியும், ஆனால் வட்டி எந்தப் பக்கம் போகும் என்று தெரியாது. வங்கிக்கு மதிப்பீடு செய்து தரும் இன்ஜினியருக்குக் கட்டடத்தின் விலை தெரியும். புரோக்கருக்கு, கேட்ட விலை எவ்வளவு, முடிந்த விலை எவ்வளவு என்று தெரியும், அதைச் சொல்வாரா என்பது வேறு. பொருளாதாரப் பேராசிரியர் நாட்டு நிலவரம் சொல்வார், சத்துவாச்சாரியில் மேடு எது பள்ளம் எது என்று அவரிடம் கேட்டுப் பயனில்லை. யார் எதைக் கண்ணால் பார்க்கிறாரோ அதை மட்டும் அவரிடம் கேளுங்கள். நம் ஊர்ச் செய்திகளில் பாதித் தப்பு, புரோக்கரிடம் பொருளாதாரத்தையும் பேராசிரியரிடம் காட்பாடி மனை விலையையும் கேட்பதால் வருவது.

பேட்டியில் முதல் கேள்வி என்ன?

“இது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

மரியாதைக் குறைவான கேள்வி இல்லை இது. குரலில் சந்தேகம் இல்லாமல், தெரிந்துகொள்ளும் ஆர்வத்தோடு கேட்டால் யாரும் கோபப்பட மாட்டார்கள். காந்தி நகரில் சதுர அடி இவ்வளவு என்று ஒருவர் சொன்னால், அது மூன்று விலைகளில் எது என்று அங்கேயே பிரித்துவிட வேண்டும். விற்பவர் வாயால் கேட்ட விலை ஒன்று. பத்திரத்தில் எழுதிய விலை ஒன்று. உண்மையில் கைமாறிய விலை இன்னொன்று. இந்த மூன்றும் நம் ஊரில் ஒன்றாக இருப்பது அபூர்வம் என்பது டீக்கடையில் நிற்கும் எல்லோருக்கும் தெரியும், செய்தியில் மட்டும் ‘விலை’ என்று ஒரே சொல்லில் போய்விடுகிறது. வருமான வரிச் சட்டம் 2015 ஜூன் முதல், நிலம் வீடு விற்பனைக்கு 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கக் கூடாது என்கிறது. அப்படியும் பத்திரத்துக்கு வெளியே பணம் போவது நிற்கவில்லை. அதனால் பத்திர விலையை மட்டும் வைத்துப் பேசுபவர் குறைத்துச் சொல்கிறார், விளம்பர விலையை வைத்துப் பேசுபவர் கூட்டிச் சொல்கிறார், இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை.

எனக்கு நன்றாக வேலை செய்த கேள்வி: “கடைசியாக நீங்கள் பக்கத்திலிருந்து பார்த்த கிரயம் எது சார்? எந்த நகர், எந்த மாதம், எத்தனை சதுர அடி, என்ன விலைக்கு முடிந்தது?” பொத்தாம் பொதுவாகப் பேசுபவர் இங்கே தடுமாறுவார். உண்மையில் தெரிந்தவர், “போன மாசம் விருதம்பட்டுல ஒண்ணு முடிஞ்சுது, ரெண்டு மாசமா இழுத்துக்கிட்டிருந்தாங்க, கடைசில கேட்டதுல நாலு லட்சம் குறைச்சுக் கொடுத்தாங்க” என்பார். அந்த ஒரு வாக்கியத்தில், மார்க்கெட் எப்படி இருக்கிறது, எவ்வளவு நாள் எடுக்கிறது, எவ்வளவு இறங்கி வருகிறார்கள் என்று மூன்று தகவல் கிடைத்துவிட்டது.

கைடுலைன் வேல்யூவை வைத்து விலை ஏறியது, இறங்கியது என்று எழுதலாமா?

கூடாது. வழிகாட்டி மதிப்பு என்பது முத்திரைத்தாள் வரியைக் கணக்கிட அரசு நிர்ணயிக்கும் குறைந்தபட்ச மதிப்பு. அது சந்தை விலை அல்ல.

இதில் எப்படி மாட்டிக்கொள்வோம் என்று சொல்கிறேன். 2017 ஜூனில் தமிழ்நாடு முழுக்க வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தார்கள், கூடவே பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக ஏற்றினார்கள். 2023 ஏப்ரலில் மதிப்பைப் பழைய நிலைக்கே கொண்டுவந்து, கட்டணத்தை 2 சதவீதமாக்கினார்கள். இப்போது கணக்குப் போடுங்கள். 100 ரூபாய் 67 ஆனது, பிறகு 67 ரூபாய் 100 ஆனது. முதல் முறை ‘நிலமதிப்பு மூன்றில் ஒரு பங்கு சரிவு’ என்று தலைப்புப் போடலாம், இரண்டாம் முறை ‘கிட்டத்தட்ட 50 சதவீத உயர்வு’ என்று போடலாம். இரண்டுமே காகிதத்தில் நடந்தவை. தோரப்பாடியில் மனை வைத்திருந்தவருக்கு அந்த இரண்டு நாளிலும் ஒரு ரூபாய்கூட ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நிபுணர் ஒருவர் பதிவுத் துறைப் புள்ளிவிவரத்தை எடுத்து வைத்தால், இந்த மாற்றங்களைக் கழித்துப் பார்த்தீர்களா என்று கேட்டே ஆக வேண்டும்.

இன்னொன்று. 2019-ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ‘வேலூர் மாவட்டத்தில் 2018-ஐ விடப் பத்திரப்பதிவு குறைந்தது’ என்று யாராவது சொன்னால், எந்த வேலூர் மாவட்டம் என்று கேளுங்கள். வாலாஜாவும் ஆம்பூரும் வாணியம்பாடியும் சேர்ந்த பழைய கணக்கோடு இப்போதைய வேலூரை ஒப்பிட்டால் குறையாமல் என்ன செய்யும்? பதிவு மாவட்டமும் வருவாய் மாவட்டமும் எல்லையில் ஒன்றல்ல என்பதையும் மனதில் வையுங்கள்.

“வருஷா வருஷம் ஏறிக்கிட்டேதான் இருக்கு, பத்து வருஷத்துல டபுள்” என்கிறார். என்ன திருப்பிக் கேட்பது?

கையில் போன் இருக்கிறதே, கணக்கை அங்கேயே போடுங்கள். பத்து வருடத்தில் இரண்டு மடங்கு என்றால் வருடத்துக்குச் சுமார் 7.2 சதவீதம். ஐந்து வருடத்தில் என்றால் சுமார் 15. மூன்று வருடத்தில் இரட்டிப்பு என்று நோட்டீஸ் அடித்தால் அது வருடத்துக்கு 26 சதவீதம், எந்தத் தொழிலில் அப்படி வருகிறது என்று அவரையே கேட்கலாம்.

இதோடு செலவையும் சேர்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் யாருமே சேர்ப்பதில்லை. 20 லட்சத்துக்கு மனை வாங்கி அதே விலைக்குப் பத்திரம் போட்டால், முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவு 2 சதவீதம், ஆக 1 லட்சத்து 80 ஆயிரம் அன்றைக்கே போகிறது. பத்து வருடம் கழித்து 40 லட்சத்துக்கு விற்று 2 சதவீதம் புரோக்கர் கமிஷன் கொடுத்தால், கையில் நிற்பது வருடத்துக்கு ஏறக்குறைய 6 சதவீத வளர்ச்சி. வரி அதற்கு அப்புறம். வேலிக் கல், முள் வெட்டிய கூலி எல்லாம் இதில் இல்லை. மனை வாங்குவது கெட்ட முடிவு என்று நான் சொல்லவில்லை, பிள்ளைகளுக்கு ஒரு இடம் வேண்டும் என்று வாங்குபவருக்கு இந்தக் கணக்கே தேவையில்லை. ஆனால் ‘முதலீடு’ என்று சொல்லி விற்கும்போது கணக்கைச் சொல்லித்தான் ஆக வேண்டும், அவர் சொல்லாவிட்டால் நீங்கள் கேட்க வேண்டும்.

இவருக்கு இதில் லாபம் இருக்கிறதா என்று முகத்துக்கு நேராக எப்படிக் கேட்பது? சங்கடமாக இருக்கிறதே.

சங்கடம்தான். ஆனால் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்று நான் பார்த்திருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால் காட்பாடிப் பக்கம் புதிய வீட்டுமனைப் பிரிவுகள் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். ரியல் எஸ்டேட் ஆலோசகர் என்று ஒருவர், நன்றாகப் பேசுபவர், மூன்று வருடத்தில் அந்தப் பக்கம் விலை எங்கேயோ போய்விடும் என்றார், நான் அதை அப்படியே போட்டேன். நாலைந்து மாதம் கழித்து, ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவர் ஆபீசுக்கு வந்தார். பிளாஸ்டிக் கவரில் பட்டா நகல், கிரயப் பத்திர நகல் எல்லாவற்றோடும் என் கட்டுரையை வெட்டி நான்காக மடித்து வைத்திருந்தார், ஆலோசகர் சொன்ன வரிக்குக் கீழே பேனாவால் கோடு போட்டிருந்தது. சண்டை போட வரவில்லை. “நீங்க எழுதினதைப் பார்த்துதான் சார் பணம் கட்டினேன். இப்ப பொண்ணு கல்யாணத்துக்கு விக்கலாம்னா வாங்கின விலைக்கே ஆள் வரலை. அவரை ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்களேன்” என்றார். விசாரித்தால், அந்த ஆலோசகருக்கு அந்த லேஅவுட்டில் விற்கும் ஒவ்வொரு மனைக்கும் கமிஷன். நான் கேட்கவே இல்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பார் என்றுகூட நினைக்கிறேன். அந்தப் பெரியவர் எழுந்து போகும்போது கட்டிங்கை மறுபடி அதே மடிப்பில் மடித்துக் கவரில் வைத்துக்கொண்டார். அது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அன்றிலிருந்து எல்லோரிடமும் ஒரே மாதிரி, ஒரே குரலில் கேட்கிறேன்: “சார், இதை எல்லார்கிட்டயும் கேட்கிறேன், தப்பா நினைக்காதீங்க. நாம பேசுற ஏரியாவுல உங்களுக்கோ வீட்டுல உள்ளவங்களுக்கோ இடம் இருக்கா? அங்க வித்தா உங்களுக்குக் கமிஷன் உண்டா? இந்தக் கம்பெனி உங்களுக்குச் சம்பளமோ ஃபீஸோ கொடுக்குதா?” மூன்று கேள்வி, அரை நிமிடம். பதிலைச் செய்தியில் எழுதிவிட வேண்டும், அதுதான் முக்கியம். லாபம் இருப்பவரின் பேச்சைப் போடவே கூடாது என்று இல்லை, பெரும்பாலும் விஷயம் தெரிந்தவர்களே அவர்கள்தான். ‘இந்தப் பகுதியில் மனை விற்பனை செய்துவருபவர்’ என்று ஒரு வரி சேர்த்தால் படிக்கிறவர் எடை போட்டுக்கொள்வார். ‘ரியல் எஸ்டேட் நிபுணர்’ என்று மொட்டையாகப் போடுவதுதான் தப்பு.

பெரிய கம்பெனி அறிக்கையில் வீட்டு விலை உயர்வு இத்தனை சதவீதம் என்று வருகிறது. அதை வேலூருக்குப் பொருத்தலாமா?

அறிக்கையில் வேலூர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தேசிய வீட்டுவசதி வங்கியின் ரெசிடெக்ஸ் குறியீடு 50 நகரங்களைப் பார்க்கிறது, தமிழ்நாட்டில் சென்னையும் கோவையும்தான் அதில் உண்டு. ரிசர்வ் வங்கி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடும் வீட்டு விலைக் குறியீடு பல வருடம் 10 பெருநகரங்களை மட்டும் வைத்து நடந்தது, நம் மாநிலத்தில் சென்னை மட்டும். அதுவும் பத்திரப்பதிவு விவரத்திலிருந்து எடுப்பது, ஆகவே பத்திரத்துக்கு வெளியே போன பணம் அதிலும் வராது.

சென்னை அபார்ட்மென்ட் கணக்கை வைத்துக்கொண்டு குடியாத்தம் மனையைப் பேசுபவரிடம், “வேலூருக்கு உங்களிடம் தனிக் கணக்கு இருக்கா சார்?” என்று கேட்டால் போதும். இல்லை என்று சொன்னால் அந்த ‘இல்லை’யும் செய்திதான், எழுதுங்கள்.

“டிமாண்ட் இருக்கு, வீடு பத்தலை” என்கிறார்களே?

‘பற்றாக்குறை’ என்ற சொல்லைக் கேட்டதும் பேனாவைக் கீழே வையுங்கள். 2012-ல் மத்திய அரசின் தொழில்நுட்பக் குழு நகர்ப்புற இந்தியாவில் 1 கோடியே 88 லட்சம் வீடு பற்றாக்குறை என்று கணக்கிட்டது. இன்று வரை பில்டர்கள் மேடையில் இந்த மாதிரி எண்ணைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தக் கணக்கின் உள்ளே போனால், ஏறத்தாழ 1 கோடியே 50 லட்சம், ஒரே வீட்டில் நெருக்கிக்கொண்டு வாழும் குடும்பங்கள். வீடே இல்லாதவர்கள் சுமார் 5 லட்சம் குடும்பம். பற்றாக்குறையில் 95 சதவீதத்துக்கு மேல் பொருளாதாரத்தில் நலிந்தவர்களும் குறைந்த வருவாய்க் குடும்பங்களும். அதற்கு முந்தைய வருடம் எடுத்த 2011 மக்கள்தொகைக் கணக்கில் நாட்டில் இரண்டு கோடிக்கு மேல் கட்டடங்கள் காலியாகக் கிடந்தன.

இதையெல்லாம் நிபுணரிடம் ஒப்பிக்க வேண்டாம். “வீடு பத்தலைன்னா யாருக்குப் பத்தலை சார்? அவங்க மாச வருமானம் என்ன? நீங்க கட்டுற வீட்டை அவங்க வாங்க முடியுமா?” இவ்வளவுதான். கொசப்பேட்டையில் ஒரு வீட்டில் இரண்டு அடுப்பு எரியும் குடும்பத்துக்கு வீடு தேவை, அது உண்மை. அந்தத் தேவையைக் காட்டி 70 லட்சம் ரூபாய் ஃபிளாட்டுக்கு டிமாண்ட் என்று சொல்வது வேறு விஷயம். தேவைக்கும் வாங்கும் சக்திக்கும் நடுவில் உள்ள இந்த இடைவெளியில்தான் நல்ல செய்தி இருக்கிறது.

விமான நிலையம் வருது, எக்ஸ்பிரஸ் ரோடு வருது, ஃபேக்டரி வருது என்று சொல்லி விலை சொல்கிறார்கள். எப்படிச் சரிபார்ப்பது?

அப்துல்லாபுரம் விமான ஓடுதளத்தின் பெயரைச் சொல்லி எத்தனை மனை விற்றிருப்பார்கள் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சென்னை–பெங்களூரு விரைவுச் சாலையும் அப்படித்தான். பனப்பாக்கத்தில் 2024 செப்டம்பரில் டாடா மோட்டார்ஸ் 9,000 கோடி ரூபாய் ஆலைக்கு அடிக்கல் நாட்டியதும் உண்மை. திட்டம் உண்மையா பொய்யா என்று கேட்பதோடு நின்றுவிடக் கூடாது. கேட்க வேண்டியவை: அந்த இடத்திலிருந்து மனை எத்தனை கிலோமீட்டர், பறவை பறக்கும் தூரமா, ரோட்டில் போகும் தூரமா? விரைவுச் சாலை என்றால் ஏறி இறங்கும் இடம் எங்கே? ஏனென்றால் விரைவுச் சாலையில் நினைத்த இடத்தில் வண்டியைத் திருப்ப முடியாது, பக்கத்து ஊருக்குச் சத்தம் மட்டும்தான் வரும். வேலை என்றால் எத்தனை பேருக்கு, என்ன சம்பளத்தில், எப்போது? அப்புறம் கடைசியாக, “இந்தத் திட்டம் வரும்னு ஏற்கெனவே விலையில ஏத்திட்டீங்களே, வந்த பிறகு ஏற என்ன மிச்சம் இருக்கு?”

இந்தக் கடைசிக் கேள்விக்கு எனக்கு இதுவரை நேரான பதில் வந்ததே இல்லை.

வங்கி அதிகாரியிடம் என்ன கேட்பது? வட்டி எவ்வளவு என்பதைத் தவிர வேறெதுவும் தோன்றவில்லை.

ரெப்போ வட்டி, அதாவது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கொடுக்கும் கடனின் வட்டி, 2020 மே முதல் 2022 மே வரை 4 சதவீதம். பிறகு ஒன்பது மாதத்தில், 2023 பிப்ரவரிக்குள், 6.5 ஆனது. 2025-ல் மறுபடி இறங்கியது. ஒரு குடும்பத்துக்கு இது என்ன செய்கிறது என்று பாருங்கள். 30 லட்சம் கடன், 20 வருடம். 7 சதவீத வட்டியில் மாதத் தவணை சுமார் 23,260 ரூபாய். அதே கடன் 9.5 சதவீதத்தில் சுமார் 27,960. ஆனால் பல வங்கிகள் தவணையை ஏற்றவில்லை, வருடத்தை நீட்டின. புதிதாகக் கடன் வாங்கியவருக்கு 9.5 சதவீதத்தில் முதல் மாத வட்டி மட்டுமே 23,750 ரூபாய். 23,260 கட்டிக்கொண்டிருந்தால் அசல் குறைவது கிடக்கட்டும், கடன் வளர்கிறது. இதனால்தான் ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில், தவணையை ஏற்றுவதா காலத்தை நீட்டுவதா என்று கடன் வாங்கியவரிடமே கேட்க வேண்டும் என்று வங்கிகளுக்குச் சொன்னது.

ஆகவே மேலாளரிடம், வட்டி ஏறிய காலத்தில் உங்கள் கிளையில் எத்தனை பேருக்குக் கடன் காலம் நீண்டது, அவர்களிடம் கேட்டுச் செய்தீர்களா, ஓய்வு வயதைத் தாண்டிப் போனவர்கள் உண்டா என்று கேளுங்கள். எண்ணைத் தர அவருக்கு அனுமதி இருக்காது, பொதுவாக எப்படி இருந்தது என்று சொல்லலாம். கடன் எத்தனை சதவீதம் வரை தருகிறார்கள் என்பதையும் கேளுங்கள். 30 லட்சம் வரை 90, 75 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75 சதவீதம் என்பது ரிசர்வ் வங்கி வைத்த எல்லை.

வாடகை பற்றி?

வேலூர் வாடகை என்று ஒன்று கிடையாது. சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றித் தோட்டப்பாளையம், காந்தி ரோடு, பாபு ராவ் தெருப் பக்கம் இருப்பது நோயாளிகளுக்கான நாள் வாடகை. மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிறவர்களுக்காகக் கடைப் பலகைகளே வங்காளியில் இருக்கின்றன. விஐடி பல்கலைக்கழகப் பக்கம் பிரம்மபுரம், சேவூர் வரை மாணவர் வாடகை, தலைக்கு இவ்வளவு என்று. மூன்றாவது, சாதாரணக் குடும்பம் கொடுக்கும் வாடகை. நிபுணர் ‘வாடகை ஏறிவிட்டது’ என்றால் எது என்று கேட்க வேண்டும். 2020 ஊரடங்கில் முதல் இரண்டும் படுத்துவிட்டன, மூன்றாவது அந்த அளவுக்கு விழவில்லை.

வீட்டு விலை நியாயமா என்று பார்க்கவும் வாடகைதான் நல்ல அளவுகோல். 60 லட்சம் சொல்லும் வீட்டுக்கு மாதம் 12,000 வாடகை வந்தால், வருடத்துக்கு 2.4 சதவீதம். “இந்த வாடகைக்கு இந்த விலை எப்படிச் சார் நியாயம்?” என்று கேளுங்கள்.

அடுத்த வருடம் விலை எப்படி இருக்கும் என்று கேட்கலாமா? எடிட்டர் அதைத்தான் தலைப்புக்குக் கேட்கிறார்.

கேளுங்கள், ஆனால் போன முறை என்ன சொன்னீர்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

அமெரிக்காவில் வீட்டு விலை 2006-ல் உச்சத்தைத் தொட்டு 2012 வரை இறங்கியது, நாடு முழுவதற்குமான கேஸ்–ஷில்லர் குறியீட்டில் நாலில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. அதற்கு முன் அங்கே பத்திரிகைகள் விடாமல் மேற்கோள் காட்டியவர்களில் ஒருவர், தேசிய வீட்டுத் தரகர் சங்கத்தின் தலைமைப் பொருளாதார நிபுணர் டேவிட் லெரியா. 2007-ல் அந்த வேலையை விட்ட பிறகு, சங்கத்தின் நலனை எடுத்துச் சொல்வதுதான் தன் வேலையாக இருந்தது என்று அவரே சொன்னார். அவருடைய பதவிப் பெயரிலேயே அது எழுதியிருந்தது, நிருபர்கள்தான் கேட்கவில்லை. லாப நோக்கம் இல்லாதவர்களும் தவறினார்கள். மத்திய வங்கித் தலைவர் பென் பெர்னான்கி, தகுதி குறைந்தவர்களுக்குக் கொடுத்த வீட்டுக் கடன்களின் பாதிப்பு பரவாமல் அடங்கிவிடும் போலிருக்கிறது என்று 2007 மார்ச்சில் சொன்னார். அடுத்த வருடமே உலகம் முழுக்க நெருக்கடி.

பிலிப் டெட்லாக் என்ற உளவியல் ஆய்வாளர் 284 நிபுணர்களின் கணிப்புகளை இருபது வருடம் பின்தொடர்ந்து 2005-ல் முடிவை வெளியிட்டார். அடிக்கடி ஊடகத்தில் வருகிறவர்களின் கணிப்புதான் மற்றவர்களுடையதை விட மோசமாக இருந்தது. அடித்துப் பேசுபவரை நாம் தேடிப் போகிறோம், தயங்கிப் பேசுபவரை விட்டுவிடுகிறோம். இதை நாம் மாற்றலாம். “என்ன நடந்தா உங்க கணிப்பு தப்புன்னு ஒத்துப்பீங்க?” என்று கேட்டு, பதிலைத் தேதியோடு நோட்டில் எழுதி வையுங்கள், ஒரு வருடம் கழித்து அதே ஆளுக்குப் போன் செய்யுங்கள். நான் செய்கிறேன். பாதிப் பேர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வார்கள், அவர்களைத்தான் மறுபடி கூப்பிடுகிறேன்.

நிபுணர் கோபப்பட்டு எழுந்துவிட்டால்?

விடுங்கள். வேறு ஆள் கிடைப்பார்.

எங்கள் சேனலுக்கு விளம்பரம் கொடுப்பவரே நிபுணராக வருகிறார். என்ன செய்வது?

இது உங்களால் மட்டும் தீர்கிற விஷயம் இல்லை, எனக்குத் தெரியும். லேஅவுட் திறப்பு விழா, பிரியாணி, பையில் ஒரு பரிசு, மறுநாள் அரைப்பக்கம் என்பது நம் தொழிலில் ஊறிப்போனது. காசு வாங்கிப் போடும் செய்தி பற்றி இந்தியப் பத்திரிகை கவுன்சில் 2010-லேயே அறிக்கை கொடுத்துவிட்டது. முடிந்தால் அவரைத் தவிர இன்னொருவரையும் சேர்த்து எடுங்கள். அதுவும் முடியாவிட்டால் ‘விளம்பரதாரர்’ என்று போடச் சொல்லி எடிட்டரிடம் நில்லுங்கள். குறைந்தபட்சம் ஒன்று செய்யலாம், ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி விளம்பரத்திலேயே பதிவு எண் இருக்க வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடமாகவும், எட்டுக்கு மேல் மனையோ வீடோ உள்ளதாகவும் இருந்தால் பதிவு கட்டாயம். அந்த எண்ணைக் கேமரா முன்னால் கேட்டுவிடுங்கள்.

தண்ணீர், ஏரி பற்றியெல்லாம் ரியல் எஸ்டேட் நிபுணரிடம் கேட்க வேண்டுமா?

நம் ஊரில் கண்டிப்பாக. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்த வழக்கில்தான், 1996-ல் உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கொள்கையை இந்திய நாட்டின் சட்டமாகவே ஏற்றது, வழக்குப் போட்டது வேலூர்க் குடிமக்கள் நல மன்றம். ராணிப்பேட்டைப் பக்கம் மனை விற்பவரிடம், போர்வெல் எத்தனை அடி, தண்ணீரைப் பரிசோதனை செய்தீர்களா, அறிக்கையைக் காட்டுவீர்களா என்று கேளுங்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது இந்த இடத்தில் தண்ணீர் நின்றதா என்றும் கேளுங்கள். அவர் ‘நிற்கவில்லை’ என்று சொன்னால், பக்கத்தில் மாடு மேய்க்கும் அம்மாவிடம் அதையே கேளுங்கள்.

நேரமில்லை. போனில் பேட்டி எடுத்தால் போதாதா?

மனைச் செய்திக்குப் போதாது. “எல்லாம் வித்துப்போச்சு, இன்னும் பத்து மனைதான்” என்று போனில் சொல்வார். ரெரா பதிவு உள்ள இடம் என்றால் எத்தனை புக்கிங் ஆனது என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர் இணையதளத்தில் ஏற்ற வேண்டும், முதலில் அதைப் பாருங்கள். பிறகு ராத்திரி ஏழரை மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு அங்கே போங்கள். நுழைவாயில் ஆர்ச்சில் சீரியல் லைட் எரியும். உள்ளே போய் எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது, எத்தனை வீட்டு வாசலில் கோலம் இருக்கிறது, கொடியில் துணி காய்கிறதா, தெருவிளக்குக் கம்பத்தில் பல்பு இருக்கிறதா, வெறும் கம்பம்தானா என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை அவருக்குப் போன் செய்து, விற்றுப்போனதாகச் சொன்ன மனைகளில் எத்தனையில் வீடு கட்டியிருக்கிறார்கள், மற்றதெல்லாம் யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள்.